தோல் மண்டித் தூசி

தோல் மண்டியில் அவளை மச்சக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். இடது தாடையில், காது மடலுக்குச் சற்றுக் கீழே, கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு தழும்பு இருந்தது. தோல் உள்வாங்கி, ஓரமெல்லாம் கறுத்து, தூரத்திலிருந்து பார்த்தால் பெரிய மச்சம் போலவே தெரியும். அதிர்ஷ்டம் கொட்டுகிறவர்களைத்தான் மச்சக்காரன், மச்சக்காரி என்று சொல்வது வழக்கம். இவளுக்குக் கொட்டியதெல்லாம் வேறு. மகள் நடை பழகுவதற்குள் கணவன் இன்னொரு குடும்பம் தேடிக்கொண்டு போய்விட்டான். துணைக்கு இருந்த ஒரே அண்ணனும் நல்ல வயதில் போய்ச் சேர்ந்துவிட்டான். பெயர் வைத்தவர்களுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்துதான் வைத்தார்கள்.

அவள் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. "ஆமா, மச்சக்காரிதான். இல்லேன்னா இந்த நாத்தத்துல உக்காந்து உங்க மூஞ்சிய எல்லாம் பாக்குற பாக்கியம் கெடைக்குமா?" என்பாள். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் மனதில் எதையும் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை.

மண்டி என்பது தகரக் கூரை போட்ட நீளமான கிடங்கு. எங்கெங்கிருந்தோ லாரியில் உப்பிட்டுக் காயவைத்த ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் கட்டுக் கட்டாக வந்து இறங்கும். பெண்கள் தரையில் உட்கார்ந்து கட்டைப் பிரித்து, ஒவ்வொரு தோலாக உதறி, ஓட்டையும் கிழிசலும் பார்த்து, அளவு வாரியாக அடுக்கவேண்டும். உதறும்போது உப்பும் மயிரும் காய்ந்த மண்ணும் சேர்ந்து ஒரு தூசி கிளம்பும். கூரை ஓட்டைகள் வழியாக விழும் வெயிலில் அது புகை மாதிரி சுழன்றுகொண்டே இருக்கும். மூக்கில் துணி கட்டிக்கொள்ளலாம், மூச்சு முட்டும். அதனால் காலையில் கட்டிய துணி பத்து மணிக்கெல்லாம் எல்லாருடைய கழுத்துக்கும் இறங்கிவிடும்.

அந்தத் தழும்பு வந்தது, மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில். முதலில் கொசு கடித்தது போல ஒரு தடிப்பு. அரிப்பு. மறுநாள் நீர்க்கொப்புளம். அது உடைந்து நடுவில் கறுத்து, கரிக்கட்டையை ஒட்டவைத்த மாதிரி ஆனது. கழுத்தெல்லாம் வீங்கிவிட்டது. ஆச்சரியம் என்னவென்றால் வலியே இல்லை. முதலாளி தனக்குத் தெரிந்த டாக்டரிடம் அனுப்பிவைத்தார். அவர் தள்ளி நின்று பார்த்துவிட்டு ஊசி போட்டார். "பூச்சிக்கடி" என்றார். அவ்வளவுதான். புண் ஆறியது, தழும்பு நின்றது, பெயர் ஒட்டிக்கொண்டது.

அதே மாதத்தில்தான் அண்ணன் படுத்தான். அவனும் அதே மண்டியில்தான் லாரியிலிருந்து கட்டு இறக்கும் வேலை. காய்ச்சல், வறட்டு இருமல், நெஞ்சை யாரோ அழுத்துகிற மாதிரி இருக்கிறது என்றான். உடம்பு அனலாய்க் கொதித்ததால் அண்ணி பச்சைத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்துவிட்டாள். நடுவில் ஒருநாள் எழுந்து உட்கார்ந்து டீ குடித்து, நாளைக்கு வேலைக்குப் போய்விடலாம் என்றுகூடச் சொன்னான். மறுநாள் மூச்சு வாங்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரி வராந்தாவில், கட்டில் காலியாகும் முன்பே அவன் காலியாகிவிட்டான். நிமோனியா என்று எழுதிக் கொடுத்தார்கள்.

உறவுக்காரர்கள் வாய்க்கு அண்ணி நல்ல அவலாக அகப்பட்டாள். காய்ச்சல்காரனுக்குப் பச்சைத் தண்ணீரா வைப்பார்கள்? ஒருநாள் முன்னால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக என்ன கேடு? பெரியப்பா ஒருபடி மேலே போய், "தண்ணிய ஊத்தியே கொன்னுட்டா" என்று சாவு வீட்டிலேயே சொன்னார். அண்ணி ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. மச்சக்காரி அவளைத் தன் வீட்டுக்கே அழைத்துவந்துவிட்டாள். மூன்று பெண்களும் ஒரே அறையில், ஒரே அடுப்பில், வருஷங்கள் ஓடின. அண்ணி வீட்டிலிருந்தபடியே சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தாள். மகள் படித்து முடித்து, இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் தபால் பிரிக்கும் வேலைக்குப் போனாள். ஏழு மாடிக் கண்ணாடிக் கட்டடம். கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறையில் அவளுக்கு மேஜை.

அந்த வருஷம்தான் கடிதப் பயம் வந்தது. எங்கோ தூர தேசத்தில் உறைக்குள் பொடி வைத்து அனுப்பினார்களாம், பிரித்தவர்கள் செத்தார்களாம், அதற்குப் பெயர் ஆந்த்ராக்ஸாம். டிவியில் நாள் முழுக்க அதே பேச்சு. கரண்டு பில்லைக்கூட இடுக்கியால் தூக்கினார்கள். ஒரு வீட்டில் வந்த தபாலையெல்லாம் வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, கொடியில் காயவைத்துப் படித்தார்கள். தெருவுக்கு வரும் தபால்காரர் வாசலில் செங்கல்லுக்கு அடியில் கடிதத்தை வைத்துவிட்டு, "காதல் கடிதம் கொண்டுவந்தாக்கூட இப்ப யாரும் கதவத் தொறக்கிறதில்ல" என்று மச்சக்காரியிடம் குறைப்பட்டுக்கொண்டார். அவளும் சிரித்தாள். கடிதமே வராத வீடு அவளுடையது. பயப்பட அவளுக்கு என்ன இருக்கிறது?

ஒரு திங்கட்கிழமை காலை, இன்சூரன்ஸ் கம்பெனி மேலாளருக்கு வந்த உறை ஒன்றிலிருந்து வெள்ளைப் பொடி கொட்டியது. கூடவே ஒரு சீட்டு: 'எல்லாரும் சாவீர்கள்.' மேலாளர் என்ன செய்தார் என்று கேட்டால் யாருக்கும் ரத்தம் கொதிக்கும். மகளை மேலே கூப்பிட்டு, "ஏதோ கொட்டிப்போச்சும்மா, கொஞ்சம் தொடச்சுப் போட்டுடு" என்றார். அவர் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்ட பிறகுதான் அபாயச் சங்கு ஊதியது. அவள் துடைத்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

வெள்ளை உடுப்பும் முகமூடியுமாக ஆட்கள் வந்தார்கள். ஏழு மாடியும் காலியானது. தெருவை இரண்டு பக்கமும் அடைத்தார்கள். மகளைக் கட்டடத்தின் பின்பக்கம் நிறுத்தி, நாலு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்துக்கொள்ள, ரப்பர் குழாயால் தலையிலிருந்து கால்வரை தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள். உடுப்பைக் கழற்றிப் பையில் போட்டு முடிச்சுப் போட்டார்கள். காற்றில் திரை விலகியபோதெல்லாம், எதிர் மாடியில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் விலகவில்லை. அதை அவள் அம்மாவிடம் சொன்னது வெகு நாள் கழித்துத்தான்.

மச்சக்காரிக்குச் செய்தி மண்டிக்கு வந்தது. அண்ணியைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். மகளைத் தனி அறையில் வைத்திருந்தார்கள். கண்ணாடி வழியாகத்தான் பார்க்கமுடிந்தது. பச்சை அங்கியில் சின்னப் பெண் மாதிரி உட்கார்ந்திருந்தாள். வீட்டில் இருப்பவர்களையும் சோதிக்கவேண்டும் என்றார்கள். சோதித்தவர் ஒரு பெண் டாக்டர். நடுத்தர வயது, நிதானமான ஆள். மச்சக்காரியின் தாடையைத் திருப்பி விளக்கில் பார்த்தவர் அப்படியே நின்றார்.

"இது எப்படி வந்துச்சு?"

"அது பூச்சிக்கடிங்க. பழசு. என் மகளுக்கு என்னன்னு சொல்லுங்க."

"உங்க மக நல்லா இருக்காங்க. இதச் சொல்லுங்க. புண்ணு வலிச்சுதா?"

"இல்லங்க. அதான் அதிசயம்."

"நடுவுல கறுப்பாச்சா? நீங்க எங்க வேலை பாக்கிறீங்க?"

சொன்னாள். டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்தார். "அம்மா, நெதானமா கேளுங்க. உங்களுக்கு அப்ப வந்தது பூச்சிக்கடி மாதிரி தெரியல. ஊர் முழுக்க இன்னிக்கு எதுக்குப் பயந்து ஓடுதோ, அதுவாத்தான் இருக்கணும். மாட்டுக்கு வர்ற அடைப்பான் நோய் தெரியுமா? ஆந்த்ராக்ஸ்னு சொல்றது அதைத்தான். அந்தக் கிருமி தோல்ல, மயிர்ல, தூசியில வருஷக்கணக்கா உயிரோட கெடக்கும்."

அடைப்பான் என்ற சொல் மண்டியில் எல்லாருக்கும் தெரியும். அடைப்பான் வந்து செத்த மாட்டின் தோல் மலிவாகக் கிடைக்கும் என்பதும் தெரியும். டிவியில் இரவு பகலாக அலறிக்கொண்டிருந்த பெயரும் அதுவும் ஒன்றுதான் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. மச்சக்காரி தாடையைத் தடவிக்கொண்டாள். அப்போதைக்கு அவளுக்கு மகள் நினைப்புத்தான். பக்கத்தில் நின்ற அண்ணியின் முகம் போன போக்கை அவள் கவனிக்கவில்லை.

டாக்டருக்கு இதை மேலே தெரிவிக்கவேண்டிய கட்டாயம் இருந்தது, தெரிவித்தார். மறுநாள் காலையில் போலீஸ் வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் கணக்குப் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தார். "உங்க மக வேலை செய்யற எடத்துக்கு ஆந்த்ராக்ஸ் கடிதம் வருது. உங்க மூஞ்சியில ஆந்த்ராக்ஸ் தழும்பு இருக்கு. நீங்க தோல் மண்டியில இருக்கீங்க. இதெல்லாம் தானா நடந்ததுன்னு நான் நம்பணுமா?"

"நீங்க நம்புறது உங்க இஷ்டங்க. எம்மகளுக்கு நானே விஷம் அனுப்புவேனா?"

"மேலாளர் மேல உங்க மகளுக்கு ஏதாவது கோவம் உண்டா?"

"இனிமே உண்டுங்க" என்றாள்.

அதையும் ஒருவர் எழுதிக்கொண்டார். வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார்கள். முகப்பவுடர் டப்பா, மாவு, சோப்புத்தூள், பல்பொடி என்று வெள்ளையாக இருந்ததெல்லாம் பையில் ஏறியது. அண்ணி தைத்து வைத்திருந்த சட்டைகளைத் தரையில் போட்டு மிதித்தார்கள். அன்று சாயங்காலத்திலிருந்து குழாயடியில் அவர்கள் வாளியை வைத்தால் பக்கத்து வாளி நகர்ந்தது. நேற்றுவரை உப்பு கடன் கேட்டு வந்தவர்கள் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. இந்த நோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது என்று டாக்டர் சொன்னதை மச்சக்காரி நாலு பேரிடம் சொல்லிப் பார்த்தாள். தலையாட்டிவிட்டுத் தள்ளி நின்றார்கள்.

அதே வாரம் வெள்ளை உடுப்பு ஆட்கள் மண்டிக்கும் போனார்கள். கடிதத்துப் பொடி அங்கிருந்துதான் போயிருக்கும் என்று சந்தேகம். தலை முதல் பாதம்வரை மூடிக்கொண்டு, முதுகில் காற்று உருளை கட்டிக்கொண்டு, சந்திரனில் இறங்குகிறவர்கள் மாதிரி உள்ளே வந்தார்கள். பெண்கள் எப்போதும்போல் வெறுங்கையோடு தோல் உதறிக்கொண்டிருந்தார்கள். "கொஞ்சம் நகருங்க" என்று ஒருவன் முகமூடிக்குள்ளிருந்து சொன்னான். மச்சக்காரியின் முழங்கைக்கு அடியிலிருந்த தூசியைக் குச்சியில் பஞ்சு சுற்றி ஒற்றி எடுத்தான். குப்பிக்குள் போட்டான், அந்தக் குப்பியை இன்னொரு குப்பிக்குள் போட்டான், அதை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான். பிறகு எல்லாரும் வெளியே போய், ஒருவரை ஒருவர் தண்ணீர் அடித்துக் கழுவிக்கொண்டு வண்டி ஏறினார்கள்.

"நாங்க என்ன பண்ணட்டும்?" என்று மச்சக்காரி வாசலில் நின்று கேட்டாள்.

"நீங்க வேலையப் பாருங்க" என்றான் கடைசியில் ஏறியவன்.

பார்த்தார்கள். வேறென்ன செய்ய?

கடிதம் அனுப்பியவன் சீக்கிரமே பிடிபட்டான். வேறு ஊர்க்காரன், நல்ல வசதி. கார் இன்சூரன்ஸ் பணம் தரமாட்டேன் என்று கம்பெனி சொல்லிவிட்ட கோபத்தில் செய்தானாம். உறையில் இருந்தது குழந்தைகளுக்குப் போடும் பவுடர். "சும்மா பயமுறுத்தத்தான்" என்று அவன் டிவியில் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். ஏழு மாடியும் திறந்தது. மேலாளர் நெருக்கடியைத் திறமையாகச் சமாளித்தார் என்று கம்பெனி பாராட்டியது. மகளை மட்டும் விசாரணை முழுசாக முடியும்வரை வரவேண்டாம் என்றார்கள். விசாரணை எப்போது முடியும் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. வேலை போய்விட்டது என்பதைத்தான் அப்படிப் பூசி மெழுகினார்கள்.

போகட்டும், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று மச்சக்காரி மனதைத் தேற்றிக்கொண்டிருந்த ஒரு மாலையில், அந்தப் பெண் டாக்டர் வீடு தேடி வந்தார். ஆஸ்பத்திரி வண்டியில் வரவில்லை, நடந்து வந்தார். இருந்த ஒரே நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.

"நான் இங்க வந்தது யாருக்கும் தெரியாது" என்று தொடங்கினார். "கடிதத்துல இருந்தது வெறும் பவுடர். உங்களுக்கே தெரியும். ஆனா உங்க மண்டியில எடுத்தாங்களே, அந்தத் தூசி… அதுல இருக்கு. நெஜமாவே இருக்கு."

மகள் எழுந்து தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"இது யார் யாருக்குத் தெரியும்?" என்றாள் மகள்.

"போலீசுக்குத் தெரியும். அவங்க கேசுக்குச் சம்பந்தம் இல்லன்னு மூடிட்டாங்க. சுகாதார ஆபீசுக்குத் தெரியும். உங்க மொதலாளிக்கும் தெரிஞ்சிருக்கும்."

"எங்களுக்கு?" என்றாள் மச்சக்காரி.

டாக்டர் தரையைப் பார்த்தார். "அதான் வந்தேன்."

அதுவரை மூலையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த அண்ணி ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "டாக்டர், ஒண்ணு கேக்கலாமா? இது நெஞ்சுக்குள்ள போனா எப்படி இருக்கும்?"

டாக்டர் சொன்னார். காய்ச்சல் வரும், வறட்டு இருமல் வரும், நடுவில் தேறிவிட்ட மாதிரி இருக்கும், பிறகு திடீரென்று மூச்சு முட்டும்.

"எழுந்து உக்காந்து டீ குடிப்பாங்களா?"

"குடிக்கலாம்."

"பச்சத் தண்ணியில ஒடம்பத் தொடச்சா வருமா?"

"தண்ணிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லம்மா. யார் அப்படிச் சொன்னது?"

சாவு வீட்டில் அழாத அண்ணி, அன்றைக்குச் சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதாள். மச்சக்காரிக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் இவள் புருஷனைக் கொன்றவள் என்று தலைகுனிந்து நடந்தாளே. கொன்றவர்கள் ஒருநாள்கூடக் குனியவில்லையே.

மறுநாள் மச்சக்காரி முதலில் முதலாளியிடம் போனாள். அவர் கணக்கப்பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தவர், அவள் சொன்னதைக் கண்ணாடியைக் கழற்றாமலே கேட்டுக்கொண்டார்.

"தோல்னா தூசி இருக்கத்தான் செய்யும். இதப் போய்ப் பெருசு பண்ணிட்டு… எங்கப்பா காலத்துலேருந்து மண்டி நடக்குது, எத்தன பேரு செத்தாங்க?"

"எங்க அண்ணன் செத்தாருங்க."

"அவன் நிமோனியாவுல செத்தான். ஆஸ்பத்திரியில எழுதிக் கொடுத்திருக்காங்க. நீ இத வெளியில பேசினீன்னா மண்டிய மூடுவாங்க. அப்புறம் முப்பது குடும்பத்துக்கும் நீதான் சோறு போடணும்."

"பரிசோதனை முடிவு உங்களுக்கு வந்துச்சா இல்லையா?"

அவர் கணக்கப்பிள்ளை பக்கம் திரும்பிக்கொண்டார். வந்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது.

அங்கிருந்து நேராகச் சுகாதார ஆபீசுக்குப் போனாள். அண்ணியும் கூட வந்தாள். பெரிய கூடம். பெஞ்சில் வரிசையாக ஜனங்கள். ஒரு ஜன்னலிலிருந்து இன்னொரு ஜன்னலுக்கு விரட்டி, கடைசியில் மதியத்துக்கு மேல் ஓர் அதிகாரி முன்னால் நின்றார்கள். அவர் இளைஞர். அப்படி ஒன்றும் கெட்ட மனிதராகத் தெரியவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"பாருங்கம்மா, மண்டியில இருக்கிறது இயற்கையா இருக்கிறது. யாரும் வேணும்னு கொண்டுவந்து போடல. அவசர நடவடிக்கைங்கிறது தாக்குதலுக்குத்தான். இது தொழில் சம்பந்தப்பட்டது. தொழிலாளர் துறைக்கு எழுதியிருக்கோம். அவங்க முறைப்படி பாத்துச் சொல்லுவாங்க."

"எப்பங்க?"

"வரிசைப்படி வரும்."

"அந்தக் கண்ணாடிக் கட்டடத்துல பவுடரு கொட்டினப்ப வரிசைப்படியா வந்தீங்க?"

"அது வேறம்மா. அது மிரட்டல்."

கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்கள். மச்சக்காரியின் குரல் தானாக உயர்ந்தது. மண்டி இரைச்சலில் பேசிப் பழகிய குரல்.

"அப்ப மிரட்டினாத்தான் வருவீங்க. வெறும் பவுடர உறையில போட்டா ஏழு மாடிய மூடுவீங்க. நெஜமான விஷத்த நாங்க தெனமும் மூக்கால உறிஞ்சினா, வேலையப் பாருங்கம்பீங்க. சரி, நாளைக்கு அந்தத் தூசிய ஒரு பிடி அள்ளி உறையில போட்டு, உங்க பேருக்கே அனுப்பிவைக்கிறேன். அப்பவாவது வருவீங்களா?"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். அதிகாரி நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்து, வாசலில் நின்ற காவலரைப் பார்த்தார்.

அரை மணியில் அவள் போலீஸ் ஸ்டேஷனில் இருந்தாள். அதே இன்ஸ்பெக்டர். இந்தத் தடவை அவருக்கே சங்கடமாக இருந்தது.

"அப்படிச் சொன்னீங்களா, இல்லையா?"

"சொன்னேன்."

"கோவத்துல வாய் தவறி வந்துடுச்சுன்னு சொல்லுங்கம்மா. எனக்கும் வேலை சுலபமா முடியும்."

"வாய் தவறலங்க. கேள்விதான் கேட்டேன். பதில் யாரும் சொல்லல."

வழக்குப் பதிந்தார்கள். மறுநாள் பேப்பரில் அவள் முகம், தழும்பு தெரிகிற மாதிரி: 'ஆந்த்ராக்ஸ் அனுப்புவதாகப் பெண் மிரட்டல்.' ஆனால் பேப்பர்க்காரன் ஒருவன், இந்தப் பெண்ணுக்கு ஆந்த்ராக்ஸ் எங்கிருந்து கிடைக்கும் என்று கேட்டு, உள்ளே மண்டி விவகாரத்தையும் எழுதிவிட்டான். அவ்வளவுதான். ஊரே வெடித்தது. மண்டி இருக்கும் தெருவழியாகத் தங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்று அப்போதுதான் பலருக்கு நினைவு வந்தது. மண்டி வாசலில் கூட்டம், கூச்சல். மந்திரி அறிக்கை விட்டார். பொழுது சாய்வதற்குள் வெள்ளை உடுப்பு ஆட்கள் வந்து கிடங்கை மூடி முத்திரை வைத்தார்கள். அண்ணன் செத்தும் அசையாத கதவு, ஒரு வார்த்தைக்கு அசைந்தது.

ஜாமீனில் வீட்டுக்கு வந்தவளுக்கு வரவேற்பு வேறு மாதிரி இருந்தது. கூட வேலை செய்த பெண்களில் ஏழெட்டுப் பேர் வாசலில் நின்றார்கள். முன்னால் நின்றவள், வருஷக்கணக்காக மச்சக்காரிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தோல் உதறியவள்.

"உன் வாயால எங்க வயித்துல அடிச்சுட்டியே. இப்ப மண்டி மூடியாச்சு. நாங்க எங்க போறது?"

அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அதுதான் மச்சக்காரியைக் குத்தியது. அண்ணிதான் படியிறங்கி வந்தாள்.

"போகவேண்டிய எடத்துக்குப் போய்க் கேளுங்க. தெரிஞ்சே உங்கள அதுல உக்கார வெச்சவன் வீட்டுல போய் நில்லுங்க. நானும் வர்றேன். இவ வாசல்ல நிக்கிறதுக்கு ஒங்களுக்கு வெக்கமா இல்ல?"

அண்ணி அப்படிப் பேசி மச்சக்காரியே கேட்டதில்லை. வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டு கலைந்தார்கள்.

பேச ஆரம்பித்தவள் அதோடு நிறுத்தவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு, ஒவ்வோர் உறவுக்காரர் வீட்டுக்கும் போனாள். உள்ளே வந்து உட்காரச் சொன்னவர்கள் வீட்டில்கூட உட்காரவில்லை. நின்றபடியே, தன் வீட்டுக்காரர் எதனால் செத்தார் என்று சொன்னாள், திரும்பினாள். பெரியப்பா மட்டும், "போனது போச்சு, இப்ப எதுக்கும்மா அதெல்லாம்?" என்றார்.

"போனது உங்களுக்குப் போச்சு மாமா. எனக்கு இப்பத்தான் வந்திருக்கு" என்றாள் அண்ணி.

மண்டிப் பெண்கள் எல்லாரையும் சோதிக்கும்படி மேலிடத்து உத்தரவு வந்தது. அந்த டாக்டர்தான் வந்து சோதித்தார். இன்னும் இரண்டு பேருக்குப் பழைய தழும்பு இருந்தது, ஒருத்திக்குத் தொடையில், ஒருத்திக்குப் பிடரியில். அவர்களும் பூச்சிக்கடி என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார்கள். வாசலில் நின்று திட்டினாளே, அவளுடைய மணிக்கட்டில் புதிதாக ஒரு கொப்புளம் கறுக்கத் தொடங்கியிருந்தது. அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்து மருந்து கொடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். நன்றி சொல்ல அவள் வரவில்லை. மச்சக்காரியும் எதிர்பார்க்கவில்லை. குழாயடியில் மட்டும் அவள் தன் வாளியை மச்சக்காரி வாளிக்குப் பக்கத்தில் வைத்தாள், யாரையும் பார்க்காமல்.

சில மாதங்கள் கழித்து மண்டி திறந்தது. மருந்து தெளித்து, புதிதாக விசிறி மாட்டி, தோலை நனைத்த பிறகே பிரிக்கவேண்டும் என்று விதி போட்டு, எல்லாருக்கும் கையுறையும் தடுப்பூசியும் கொடுத்தார்கள். முதலாளி மாலைப் பேப்பருக்குப் பேட்டி கொடுத்தார்: தொழிலாளர் நலனே தனக்கு முதன்மையாம். மச்சக்காரியை மட்டும் திரும்ப எடுக்கவில்லை. வழக்கு இருக்கிற ஆளை வைத்துக்கொள்ள முடியாது என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். அண்ணனின் சாவுக்குக் காரணத்தை மாற்றி எழுதித்தரச் சொல்லி அண்ணி ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்தாள். இப்போது சோதிக்க உடல் இல்லை, அதனால் நிமோனியாவாகவே இருக்கட்டும் என்றார்கள்.

பவுடர் அனுப்பியவன் அபராதம் கட்டி, எழுத்தில் மன்னிப்புக் கேட்டு வெளியே வந்துவிட்டான். உறைக்குள் எதையும் போடாத மச்சக்காரியின் வழக்குத்தான் தேதிக்கு மேல் தேதியாக இழுத்தது. அவள் ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். டாக்டர் சொல்லிப் பிடித்துக்கொடுத்த வேலை. கோர்ட்டு இருக்கும் நாளில் அரை நாள் விடுப்பு. மகளுக்கும் ஒரு துணிக்கடையில் இடம் கிடைத்திருந்தது. அங்கே அவளிடம் யாரும் தபால் கொடுப்பதில்லை என்பதே அவளுக்குப் பெரிய நிம்மதி.

கடைசி விசாரணையன்று வக்கீல் படித்துப் படித்துச் சொல்லிக் கொடுத்தார். "தெரியாம சொல்லிட்டேன், மன்னிச்சுடுங்கன்னு மட்டும் சொல்லுங்க. அதோட முடிஞ்சுடும்."

நீதிபதி வயதானவர். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "கோபத்துல சொன்னீங்களா?"

"ஆமாங்க. கோபத்துலதான் சொன்னேன்."

வக்கீல் கண்ணால் சாடை காட்டினார். மச்சக்காரி அவரைப் பார்த்தாள், பிறகு நீதிபதியைப் பார்த்தாள்.

"அந்தக் கோபம் இன்னும் போகலங்க. மன்னிப்பு கேக்கணும்னா, எங்க எல்லாரையும் தெரிஞ்சே அந்தத் தூசியில உக்கார வெச்சவங்க மொதல்ல கேக்கட்டும். அப்புறம் நான் கேக்கிறேன்."

வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார். நீதிபதி வெகுநேரம் காகிதங்களைப் புரட்டினார். அவர் என்ன நினைத்தாரோ தெரியாது. உண்மையான மிரட்டல் நோக்கம் நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி வழக்கைத் தள்ளுபடி செய்தார். பொது இடத்தில் பார்த்துப் பேசும்படி ஓர் எச்சரிக்கையும் கொடுத்தார்.

வெளியே மரத்தடியில் அண்ணியும் மகளும் காத்திருந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். வக்கீல் பின்னாலேயே வந்து, "ஏம்மா, ஜெயிலுக்குப் போயிருப்பீங்க தெரியுமா?" என்று கடிந்துகொண்டார்.

"போயிருந்தா அங்கயும் இதத்தான் சொல்லியிருப்பேன் சார்" என்றாள் மச்சக்காரி. அண்ணியைப் பார்த்து, "பசிக்குது, வாங்க அண்ணி" என்று சொல்லி முன்னால் நடந்தாள்.